சோடா பாயின் கிணற்றில் பெட்ரோல்

மனு என் மேஜைக்கு வந்து சேர்ந்தபோது அதன் முதுகில் எழுத இடம் மிச்சமில்லை. நகராட்சியில் ஆரம்பித்து, நாலைந்து அலுவலகங்களுக்குப் போய், ஒவ்வொன்றிலும் 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது' என்ற வரியை வாங்கிக்கொண்டு, கடைசியில் நிலத்தடி நீரைச் சோதிக்கும் எங்கள் அலுவலகத்தில் இறங்கியிருந்தது. கிணறு தனியாருடையது, ஆகவே நகராட்சிக்குச் சம்பந்தமில்லை. பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும்வரை அதற்கென்று ஒரு துறை உண்டு. தண்ணீரில் கலந்துவிட்டால் அந்தத் துறைக்கு அது பெட்ரோலே அல்ல. ஆலைக் கழிவென்றால் இன்னொரு துறை வரும்; எந்த ஆலை என்பதை மட்டும் மனுதாரர் சொல்லிவிட வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. விதிகளை எழுதியவர்கள் ஒரு கிணற்றுக்குள் பெட்ரோல் வரும் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் நினைத்ததில்லை. அதனால்தான் நானும் ஒரு வரி எழுதி அதை வேறெங்காவது அனுப்பிவிடாமல், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரில் பார்க்கப் போனேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம். மனு போட்டவர் மெயின் ரோட்டில் கோலி சோடா தயாரிக்கும் பாய். முன்னால் கடை, நடுவில் சோடா மெஷின், பின்னால் கிணறு. நான் போனபோது மெஷின் ஓடவில்லை. காலி பாட்டில்கள் பெட்டி பெட்டியாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. பாய் என்னிடம் வணக்கம் சொல்வதற்கு முன்பே கிணற்றில் வாளியை இறக்கிவிட்டார்.

"மோந்து பாருங்க சார்வாள்" என்று வாளியை என் மூக்குக்கு நேராகத் தூக்கினார்.

மோந்தேன். பங்க்கில் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது வருமே, அதே வாடை. தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம்.

"எத்தனை நாளா?"

"அதைச் சொல்லத் தெரியலையே. மொதல்ல வாடை லேசாத்தான் இருந்திருக்கும் போல. நான் கேஸ் சிலிண்டர்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். குடிக்கிறவனாவது சொல்லணும்லா? 'பாய், இப்பம் சரக்கு நல்லா எடுப்பா இருக்கு, வாயுவு பட்டுனு பிரியுது'ன்னு ரெண்டு பேரு கூடுதலா வாங்கிக் குடிச்சாவ."

பெட்ரோலைப் பற்றி நான் படித்த எதிலும் இப்படி ஒரு பயன் குறிப்பிடப்பட்டதில்லை. ஆனால் பாய் சிரிக்கவில்லை. வாடை எதனுடையது என்று உறைத்த அன்றே அவர் பாட்டில் அடிப்பதை நிறுத்தியிருந்தார். ஊருக்கு வெளியே இருந்து டிராக்டரில் தண்ணீர் வாங்கி, கல்யாண வீட்டு ஆர்டர்களுக்கு மட்டும் சோடா போட்டுக்கொண்டிருந்தார்.

கரிசல் பூமியை அறியாதவர்களுக்கு அவருடைய கலக்கம் புரியாது. இங்கே தோண்டினால் தண்ணீர் வராது. வந்தால் உப்பாக இருக்கும். பாயின் கிணறு விதிவிலக்கு. பழைய காலத்தில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊருணி இருந்ததாம். ஊருணி மூடப்பட்டு அதன் மேல் கடைகள் வந்துவிட்டன. ஆனாலும் அதன் நல்ல தண்ணீர் பூமிக்கடியில் திட்டாகத் தங்கியிருந்தது. அந்தத் திட்டின் மேல்தான் பாயின் கிணறு இருந்தது.

"உப்புத் தண்ணியில போட்டா சோடா எடுபடாது சார்வாள். டிராக்டர் தண்ணிய வச்சு எத்தனை நாளைக்கு ஓட்ட? இந்தக் கிணறு போச்சுன்னா நான் சோடாக்காரன் இல்லை. அப்புறம் என்னமாவது கம்பெனி சரக்கை வாங்கி விக்கிற கடைக்காரன்தான்."

யாரோ வேண்டாதவன் பெட்ரோலை ஊற்றியிருக்கிறான் என்பது அவருடைய முடிவு. கடம்பூர் ரோட்டில் புதிதாகச் சோடா போட ஆரம்பித்திருந்த ஒருவர் மேல் சந்தேகம். கிணற்றுக்கு இரும்பு மூடி செய்து பூட்டும் போட்டிருந்தார். பூட்டிய பிறகு வாடை கூடியிருந்தது.

"சாவி அவன்கிட்டயும் ஒண்ணு இருக்கும் போல" என்றார்.

நான் தெருவைப் பார்த்தேன். பாயின் கடை அந்த வரிசையின் மேற்குக் கடைசி. கிழக்குக் கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க். இடையில் பாத்திரக் கடை, துணிக்கடை, சைக்கிள் கடை என்று ஏழெட்டுக் கடைகள், சுவரோடு சுவர் ஒட்டி. பங்க்கை நான் கையால் காட்டினேன்.

"அண்ணாச்சி பங்க்கா? சேச்சே" என்று பாய் என் கையையே கீழே இறக்கிவிட்டார். "அவிய எனக்கு முன்னாலருந்து இங்கன இருக்காவ. தினசரி ஒரு பன்னீர் சோடா அவியளுக்குப் போகும். வீணா அவிய பேரை இழுக்காதீங்க."

பேரை இழுக்காமலே பங்க்குக்குப் போனேன். பங்க் முதலாளி அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை. தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், நீங்க படிச்சவுக. இந்த ரோடு எந்தப் பக்கம் சாயுது?"

"கிழக்கே."

"பாய் கடை எங்கன இருக்கு?"

"மேற்கே."

"தண்ணி மேட்டுக்கு ஏறுமா?"

"ஏறாது."

"பெட்ரோலு ஏறுமா?"

"அதுவும் ஏறாது."

"பெறகென்ன, உக்காந்து சோடா குடிங்க. பாய் சரக்குதான். பயப்படாதீங்க, பழசு."

அவர் சொன்னதில் தவறில்லை. அடுத்த வாரம் அந்தத் தெருவில் இருந்த கிணறுகள், அடிபம்புகள் எல்லாவற்றிலும் நீர் மட்டத்தை அளந்து பார்த்தேன். பூமிக்கடியிலும் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் போனது. பாயின் கிணற்றில் விழுந்தது பங்க்குக்குப் போகலாம். பங்க்கில் விழுந்தது பாயிடம் வர முடியாது. தவிர, கரிசல் மண் நனைந்து ஊறிவிட்டால் அதைவிட நல்ல அடைப்பான் கிடையாது. ஒரு கண்மாய்க் கரை முழுக்கத் தாங்கும் மண் அது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், உண்மைதான். ஆனால் அந்த வெடிப்பு கிணற்று மட்டம் வரை இறங்காது.

பங்க்கில் இருப்பும் சரியாக இருந்தது. தினமும் காலையில் தொட்டிக்குள் பித்தளை அளவு கம்பியை விட்டு, எவ்வளவு ஆழம் நனைகிறதென்று பார்க்க வேண்டும். அதை டிப் ராடு என்பார்கள். அண்ணாச்சி வெள்ளி, செவ்வாய் பார்க்காமல் அதைச் செய்தார். கொஞ்சம் குறைந்தது. ஆனால் வெயிலில் இவ்வளவு ஆவியாகலாம் என்று விதியே ஒரு சலுகை வைத்திருக்கிறது. கோவில்பட்டி வெயிலில் அந்தச் சலுகைக்குள் நின்றதே பெரிய காரியம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆக, பெட்ரோல் இருக்கிறது. அது வருவதற்கு வழி இல்லை. என் வேலையில் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை தெரியும். கையெழுத்துப் போடத்தான் ஆள் கிடைக்காது. விடையே தெரியாத கேள்வி அபூர்வம். எனக்கு அந்தத் தெருவை விட்டுப் போக மனம் வரவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மாலையில் அந்தப் பக்கம் நடந்து போவேன். கடைகளுக்குள் நுழைந்து, எதையும் வாங்காமல், மோந்து பார்த்துவிட்டு வருவேன். பாத்திரக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தார்.

துணிக்கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் இருந்த ஒரு பழைய கடையை எஸ்.டி.டி. பூத் வைப்பதற்காக ஒருவர் வாங்கி இடித்தார். அஸ்திவாரக் குழி தோண்டும்போது நான் அந்த வழியாக வந்தேன். குழிக்கு வெளியே இரண்டு தொழிலாளிகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனார் மேலே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே, காலையில ஒழுங்கா சாப்பிட்டா ஏன் தலை சுத்துது? அவன் வந்து உக்காந்துட்டான், இவனும் வந்து உக்காந்துட்டான். குழி என்ன தானாவா ஆழமாகும்?"

நான் குனிந்து பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கொத்தனாரின் காதில் ஒரு பீடி, கையில் தீப்பெட்டி. கோவில்பட்டியில் தீப்பெட்டி இல்லாத மடி கிடையாது; இங்கேயே செய்து நாடெல்லாம் அனுப்புகிறோம். நான் தாவிப் போய் அவர் கையிலிருந்ததைப் பிடுங்கியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன சார், பீடி குடிக்கதுக்கும் பெர்மிட் வாங்கணுமா?"

"குழியில என்ன வாடைன்னு மொதல்ல பாரும்."

மோந்து பார்த்துவிட்டு அவர் பீடியைக் காதிலிருந்து எடுத்து, தூரப் போய் ஒரு திண்டில் வைத்துவிட்டு வந்தார்.

இங்கே கட்டிடம் கட்டும் முறையைச் சொன்னால்தான் அடுத்தது விளங்கும். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் அப்படியே சுவர் வைத்தால் ரெண்டு வருஷத்தில் கையை விடுகிற அளவுக்கு விரிசல் விழும். அதனால் சுவர் வரும் இடமெல்லாம் கரிசலை வெட்டியெடுத்துவிட்டு, கீழே சுக்கான் கல் என்ற சுண்ணாம்புப் பாறை தட்டுகிறவரை போய், குழியில் ஆற்று மணலை நிரப்பி, தண்ணீர் விட்டுக் கெட்டித்து, அதன் மேல் கட்டுவார்கள். சுற்றி உள்ள மண் எப்படி ஆடினாலும் மணல் ஆடாது. நல்ல முறை. நான் என் வீட்டையும் அப்படித்தான் கட்டியிருக்கிறேன்.

குழியின் கிழக்குச் சுவரில், கறுப்பு மண்ணுக்கு நடுவே, துணிக்கடையின் மணல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. மேற்குச் சுவரில் பாத்திரக் கடையின் மணல். இரண்டும் நனைந்து கறுத்திருந்தன. ஆனால் கிழக்குப் பட்டையின் அடி மேலே இருந்தது. மேற்குப் பட்டையின் அடி அதைவிடக் கீழே இருந்தது. குழியின் தரையில், ஒரு மூலையில், வானவில் நிறத்தில் ஏதோ தேங்கியிருந்தது.

பூத்காரர் வந்து சேர்ந்தார். வேலை ஏன் நின்றது என்று கேட்பதற்கு முன் நான் கேட்டேன்:

"எவ்வளவு ஆழம் போறீங்க?"

"பாத்திரக் கடையை விட ஒரு முழம் கூட."

"சுக்கான்தான் வந்துட்டே. எதுக்கு ஒரு முழம் கூட?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எதுக்கா? அவன் கடை நின்னு என் கடை இறங்கிரப்படாதுல்லா?"

அன்று மாலை முழுவதும் நான் அந்த வரிசையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கேட்டது ஒரே கேள்வி: உங்கள் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்? சொத்து விவரம் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் வியாபாரிகள் இதை மட்டும் பெருமையாகச் சொன்னார்கள். அந்த வரிசை பங்க்கிலிருந்து மேற்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டது. சைக்கிள் கடைக்காரர் பங்க்கின் காம்பவுண்டுச் சுவரை விட ஆழமாகப் போட்டிருக்கிறார். அவரை விட ஆழமாகத் துணிக்கடைக்காரர். அவரை விட ஆழமாக அடுத்தவர். பக்கத்துக் கடைக்காரனுக்கு இளைத்தவன் இல்லை என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போயிருக்கிறார்கள். ஒட்டிக் கட்டிய கடைகளாகையால் மணலும் மணலோடு ஒட்டியிருந்தது. தெரு கிழக்கே சாய்ந்துகொண்டிருக்க, அதற்கு அடியில் ஒரு மணல் படிக்கட்டு மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் மண் சுவர், அடியில் சுக்கான். ஒரு என்ஜினீயரிடம் பெட்ரோலை வீணாக்காமல் கடைசிவரை கொண்டுபோக ஒரு வாய்க்கால் போடு என்றால் இதைவிட நன்றாகப் போட்டிருக்க மாட்டார்.

கடைசியாகப் பாயிடம் வந்தேன்.

"நம்ம வானமா சார்வாள்?" என்றார். அஸ்திவாரக் குழியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "இந்த வரிசையிலயே ஆழமான வானம் நம்மளுதுதான். கொத்தனாரே போதும் போதும்னான். நான் விடலையே. பின்பக்கச் சுவரு கிணத்து உறையத் தொட்டுக்கிட்டு நிக்கும், பாத்துக்கிடுங்க. இடி விழுந்தாலும்..."

அங்கே நின்றுவிட்டார். என் கையில் இருந்த காகிதத்தில் நான் படிக்கட்டை வரைந்திருந்தேன். கடைசிப் படி அவருடையது. அதைத் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம், அது கிணறு. அவர் விரலால் பங்க்கிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வட்டத்தில் வந்து நின்றார்.

"அப்ப, நானே குழாய் போட்டு வச்சிருக்கேனா?"

"எல்லாரும் சேந்து போட்டிருக்கீங்க. நீங்க கடைசி முழம்."

விரலை வட்டத்திலிருந்து எடுத்தார். பிறகு, "கடம்பூர் ரோட்டுக்காரனை நேத்துக்கூட வஞ்சேன்" என்றார்.

அண்ணாச்சியிடம் அதே காகிதத்தைக் கொண்டுபோனபோது பாயும் கூடவே வந்தார். ஆனால் உள்ளே வராமல் பங்க்கின் வாசலில் காற்றடிக்கும் இடத்தில் நின்றுகொண்டார். அண்ணாச்சி வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"தெருதான் கிழக்கே சாயுது அண்ணாச்சி. அடியில வேற தெரு ஓடுது" என்றேன்.

"ஆனா என் தொட்டி ஒழுகினாத்தானே சார் இதெல்லாம்? தினம் நானே நின்னு அளக்கேன்."

"ஒழுகலைன்னா நல்லதுதான். காலி பண்ணிப் பாத்துருவோம்."

அவர் வாசலைப் பார்த்தார். பாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேய் பாய், அங்கன என்ன விருந்தாளி மாதிரி நிக்கீரு? உள்ள வாரும்" என்று கத்திவிட்டு, என்னிடம், "திறங்க சார். பாத்துருவோம்" என்றார்.

தொட்டியைக் காலி செய்து, கழுவி, வாயு போகும்வரை நாட்கணக்கில் திறந்துவைத்து, தோண்டி வெளியே தூக்கிக் கவிழ்த்தார்கள். துரு அதிகமில்லை. நல்ல இரும்பு. ஆனால் அடியில் ஒரே ஒரு இடத்தில், அளவு கம்பியை விடும் குழாய்க்கு நேர் கீழே, சட்டையின் பித்தான் அளவுக்குத் தேய்ந்து மெலிந்து, அதன் நடுவில் ஊசி நுழைகிற ஓட்டை. தினமும் காலையில் டிப் ராடு வந்து 'டங்' என்று அதே இடத்தில் குத்தியிருக்கிறது. அந்த இடத்தில் தடிமனாக ஒரு தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்பது பிற்பாடு வந்த முறை. அண்ணாச்சியின் தொட்டி முற்பாடு புதைத்தது.

அண்ணாச்சி குனிந்து அந்த ஓட்டையில் விரலை வைத்தார்.

"ஒரு நா தவறாம அளந்தேனே சார்."

"அதனாலதான்."

சோம்பேறியாக இருந்து வாரத்துக்கு ஒருமுறை அளந்திருந்தால் அந்தத் தொட்டி இன்னும் பல வருஷம் ஒழுகாமல் இருந்திருக்கும். ஆயுள் முழுக்க விதிமுறைகளைக் கடைப்பிடித்த எனக்கு அதைப் பார்த்தபோது உள்ளூர ஒரு சிலிர்ப்பு. வீட்டில் சொன்னேன். என் மனைவி, "பாவம், அந்தச் சோடாக்காரர்" என்றாள். அவளுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும்.

ஓட்டையைக் கண்டுபிடித்தாயிற்று, கிணறு அப்படியேதான் இருந்தது. இந்த மாதிரி மண்ணையும் தண்ணீரையும் எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கைகூட இல்லை. கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஒரு நண்பரிடமிருந்து வெளிநாட்டுக் கட்டுரைகளின் ஜெராக்ஸ் வாங்கிப் படித்தேன். அதில் சொல்லியிருந்த இயந்திரங்கள் இங்கே இல்லை. ஆனால் தத்துவம் எளிது: வருவதை நடுவில் மறி, மிதப்பதை எடு, மிச்சத்தைக் காற்றில் பறக்க விடு.

மறிப்பதற்குப் பாய் கடைக்கும் அதற்கு முந்தைய கடைக்கும் நடுவில் மட்டும் இருந்த குறுகிய சந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்; மேலேதான் இடைவெளி, அடியில் இரண்டு வானத்தின் மணலும் ஒட்டித்தான் கிடந்தது. அங்கே மணல் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, கிணற்றுப் பக்கம் ஈரக் கரிசலைக் கொட்டி, ஆட்கள் மிதித்துத் திமிசு போட்டு இறுக்கினார்கள். கண்மாய்க் கரை போட்ட கை அது. அவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவரை உடைக்கிறது என்று நாம் வெட்டி எறிகிற அதே மண்தான் பெட்ரோலுக்குச் சுவராக நின்றது. பங்க் பக்கம் ஒரு குழி. அதில் வந்து சேர்வதை இறைத்துப் பீப்பாயில் பிடித்தோம்.

கிணற்றில் மிதந்த படலம்தான் தொந்தரவு கொடுத்தது. வாளியில் அள்ளினால் தண்ணீர் வருகிறது, படலம் நழுவுகிறது. ஜெராக்ஸில் ஏதோ உறிஞ்சும் மெத்தை என்று போட்டிருந்தது. அது எதனால் ஆனது என்று தேடிப் போனால், கடைசியில் பஞ்சின் குணம்தான். வெளுக்காத கச்சாப் பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கிறது. அது தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைக் குடிக்கும். பஞ்சுக்கா கோவில்பட்டியில் பஞ்சம்? அண்ணாச்சி ஒரு ஜின்னிங் மில்லிலிருந்து கழிவுப் பஞ்சை மூட்டையாக அனுப்பினார். அதை வலைப்பையில் அடைத்து, கயிறு கட்டிக் கிணற்றில் மிதக்கவிட்டோம். மறுநாள் தூக்கினால் பை கனத்து, நாறிக்கொண்டு வரும்.

"கிணத்துக்கு தலகாணி போட்டுப் படுக்க வச்சிருக்கீங்க சார்வாள். எப்பம் எந்திரிக்கும்?" என்பார் பாய். தினமும் கேட்பார். நான் தினமும் வேறு வேறு பதில் சொன்னேன்.

காற்றுக்குப் பஞ்சர் கடைக் கம்ப்ரஸர். பொறி பறக்கும் என்பதால் அதைத் தெருவுக்கு அந்தப் பக்கம் வைத்து, நீளமான ஹோஸில் காற்றைக் கொண்டுவந்து, துளை போட்ட குழாய்கள் வழியாக மணலுக்குள் ஊதினோம். கூடவே தெரு முழுக்க ஒரு விதி: சந்துக்குப் பக்கத்தில் எவரும் தீப்பெட்டி எடுக்கக் கூடாது. அந்த ஊரில் நான் போட்ட விதிகளிலேயே மக்கள் உண்மையாகக் கடைப்பிடித்தது அது ஒன்றுதான். காரணம் நான் அல்ல. பாய் ஒரு நாற்காலியைப் போட்டுச் சந்தின் வாயில் உட்கார்ந்திருந்தார். மடியில் கை போகிறவனைப் பார்த்தால், "ஏலே, என் கிணத்தக் கொளுத்தவா வந்தே?" என்று எழுந்துவிடுவார்.

தோண்டிய மணலைக் கடம்பூர் ரோட்டோரம் ஒரு பொட்டலில் மெல்லிசாக விரித்துக் காயப் போட்டோம். மிளகாய் வத்தல் காயப்போடுகிற பெண்கள் இரண்டு பேர் அதைத் தினமும் கிளறிவிட்டார்கள். வெயிலும் காற்றும் மண்ணில் உள்ள கிருமிகளும் சேர்ந்து பெட்ரோலைத் தின்றுவிடும் என்று நான் விளக்கினேன். "வத்தலைத் தின்னாம இருந்தா சரி" என்றாள் ஒருத்தி. மணலில் வாடை பாதி போவதற்கு முன்பே மணலில் பாதி போய்விட்டது. ஆற்று மணலுக்கு இங்கே அவ்வளவு கிராக்கி. கோவில்பட்டியில் ஏதோ ஒரு வீட்டுச் சுவர் இன்றைக்கும் லேசாக பங்க் மாதிரி மணக்க வேண்டும். எந்த வீடு என்று தேடி நான் பல தெருக்களில் சும்மா நடந்திருக்கிறேன். கண்டுபிடிக்கவில்லை.

சித்திரை, வைகாசியில் கிணற்றில் வாடை குறைந்தது. ஆடியில் அறவே இல்லை. சோதனையிலும் ஒன்றும் வரவில்லை. பாய் மெஷினை இறக்கிச் சுத்தம் செய்தார். ரப்பர் வாஷர்களை மாற்றினார். பாட்டில்களைச் சோடா உப்புப் போட்டு அலசினார். எதற்கும் மழை ஒன்று பெய்யட்டும் என்று நான்தான் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. நீர் மட்டம் மேலே வந்தது. அதோடு வாடையும் வந்தது.

கோடையில் தண்ணீர் கீழே இறங்கும்போது பெட்ரோலும் கூடவே இறங்கி, வழியில் பாறை இடுக்கில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் மறுபடி ஏறியபோது ஒட்டியிருந்ததைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தது. ஜெராக்ஸில் ஒரு படத்தில் இது இருந்தது. படத்தில் இருந்தது அப்படியே வாளியில் வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாளியோடு திரும்பினால், பாய் கிணற்று மேடையில் உட்கார்ந்து தலைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"பாறைக்குள்ள போயிட்டா சார்வாள்?"

"கொஞ்சம்."

"அப்ப இனி வாராது."

"வரும். இன்னும் ஒரு வருஷம் பிடிக்கும்."

"உங்களுக்கென்ன, பாடம் படிக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

அந்த ஒரு வருஷம் முழுக்கப் பஞ்சும் காற்றும் இறைப்பும் தொடர்ந்தன. அண்ணாச்சி புதுத் தொட்டி வைத்துவிட்டார். அடியில் தகடு போட்டு, அதற்கு அடியிலும் ஒரு தகடு கேட்டு என்னிடம் வாதாடினார். என் மேலதிகாரி, இந்த வேலை எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று எழுதிக் கேட்டார். நான் 'கிணறுகளின் மட்டம் கண்காணித்தல்' என்று பதில் போட்டேன். பொய்யில்லை. மட்டத்தையும் கண்காணித்தேன். பாய் டிராக்டர் தண்ணீரில் ஒப்பேற்றினார். ஒரு பெரிய கம்பெனி தன் சரக்கை வைக்கச் சொல்லிக் கடைக்குக் குளிர்பெட்டியே இலவசமாகத் தருகிறேன் என்று வந்தது. "ஐப்பசி கழியட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த ஐப்பசியும் வந்தது, கார்த்திகையும் முடிந்தது. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. நான் வாரம் தவறாமல் பாட்டிலில் பிடித்து அனுப்பினேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே பதில் வந்தது. கடைசி முடிவைக் காகிதத்தோடு எடுத்துப் போனேன். பாய் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"இதைப் பாட்டில்ல ஒட்டவா முடியும்?" என்றார்.

கிணற்றில் தானே இறைத்தார். வடிகட்டினார். ஒரே ஒரு பாட்டில் நிரப்பி, மெஷினில் வைத்துச் சுற்றி எடுத்தார். அதற்குள் பங்க்கிலிருந்து அண்ணாச்சி நடந்து வந்துவிட்டார். சைக்கிள் கடை, துணிக்கடை, எஸ்.டி.டி. பூத் எல்லாம் வாசலில் நின்றன.

"இங்க தாரும். மொதப் பாட்டில் எனக்கு" என்று அண்ணாச்சி கையை நீட்டினார். "என் பெட்ரோலு. நான்தான் குடிக்கணும்."

"கிணறு என்னுது அண்ணாச்சி" என்று பாய் கோலியைக் கட்டை விரலால் அழுத்தி உள்ளே தள்ளினார். பாட்டில் பொங்கியது. முதலில் மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் அண்ணாந்து, நிறுத்தாமல், பாதிப் பாட்டிலைக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது கேஸ் ஏறினால் எவருக்கும் வரும்.

நான்தான் கேட்டேன்:

"எப்படி இருக்கு?"

"சோடா மாதிரி இருக்கு."

"வாடை?"

"சோடா மாதிரி இருக்குன்னு சொல்லுதேன்லா" என்று சொல்லிவிட்டு மிச்சத்தை அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி பாட்டிலைத் துடைக்கக்கூட இல்லை.

என்னிடம் இன்னும் கேள்விகள் இருந்தன. பாத்திரக் கடைக்கு அடியில் குழாய் விட முடியாத மூலை ஒன்று இருந்தது. அங்கே என்ன மிச்சமிருக்கிறது, ஒரு நாள் அது எந்தப் பக்கம் கிளம்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அதை அப்போதே சொல்ல வாயெடுத்தேன். பாய் அதற்குள் அடுத்த வாளியை இறக்கிவிட்டார். பூத்காரர் காலிப் பாட்டில் பெட்டிகளை உள்ளே தூக்கிக்கொண்டு போனார், யாரும் சொல்லாமலே. மெஷின் சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் நான் சொன்னாலும் யாருக்கும் கேட்டிருக்காது.